கொட்டாங்குச்சிக் கரியில் மாலிப்டினம்: தொகுப்பு வாயுவிலிருந்து ஆல்கஹால் எடுப்பது பற்றி

கேள்வி: கொருக்குப்பேட்டை வாசகர், பிப்ரவரி 9

வடசென்னையின் கொடுங்கையூர்க் குப்பைமேட்டை எரிக்காமல் வாயுவாக்கினால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த தொகுப்பு வாயு கிடைக்கும். அதைக் கரியில் ஏற்றிய வினையூக்கியின் வழியாக அனுப்பினால் எத்தனால் வரும் என்று படித்தேன். கரிக்கு நம்மிடம் பஞ்சமில்லை, கொட்டாங்குச்சியைச் சுட்டால் போதும். இருந்தும் வினையூக்கியை ஏற்ற ஆலைகள் எல்லாம் அலுமினாவையே (அலுமினிய ஆக்சைடையே) கட்டிக்கொண்டு அழுகின்றன. இது வெறும் அலட்சியம் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் சொல்லலாம்.

பதில்: பிப்ரவரி 9, இரவு

மறுக்கிறேன், தம்பி. இதில் பெரிய நிறுவனங்கள் இறங்கி நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. 1980-களில் அமெரிக்காவின் டவ் கெமிக்கலும் யூனியன் கார்பைடும் பொட்டாசியம் சேர்த்த மாலிப்டினம் சல்ஃபைடை (மாலிப்டினம் என்ற உலோகமும் கந்தகமும் சேர்ந்த பொருள்) வைத்துக் கலப்பு ஆல்கஹால் எடுக்கும் வழிக்குக் காப்புரிமை வாங்கின. கரியும் அப்போதே தாங்கியாக, அதாவது வினையூக்கியைத் தன்மேல் சுமக்கும் பொருளாக, பயன்பட்டது. வேலை செய்யுமா என்பதில் ஐயம் இல்லை. எந்த வாயுவுக்கு, என்ன செலவில் என்பதுதான் கேள்வி.

அலுமினா எங்கே நன்றாக வேலை செய்கிறது என்று பார்க்க, முதலில் மெத்தனால். 1923-இல் ஜெர்மனியின் லாய்னாவில் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் துத்தநாக, குரோமிய ஆக்சைடுகளை வைத்து 250 பாருக்கு (ஒரு பார் என்பது ஏறக்குறைய வளிமண்டல அழுத்தம்) மேற்பட்ட அழுத்தத்தில் மெத்தனால் எடுத்தது. 1966-இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனம் செம்பு, துத்தநாக ஆக்சைடு, அலுமினா சேர்ந்த வினையூக்கியைக் கொண்டுவந்ததும் அழுத்தம் 50 முதல் 100 பாருக்கு இறங்கியது. அங்கே அலுமினா அருமையாக வேலை செய்கிறது. ஆனால் செம்புக்குக் கந்தகம் எமன். வாயுவில் கந்தகம் துளி இருந்தாலும் அந்த வினையூக்கி சீக்கிரமே செத்துப்போகும்.

மாலிப்டினம் சல்ஃபைடு அப்படியல்ல, அது கந்தகத்தில் வாழும் பொருள். இன்னும் சொன்னால், வாயுவில் 50 முதல் 100 பி.பி.எம். (பத்து லட்சத்தில் அத்தனை பங்கு) ஹைட்ரஜன் சல்ஃபைடு இருந்தால்தான் அது சல்ஃபைடாகவே நீடிக்கும். அதை அலுமினாவில் ஏற்றினால் மூன்று தொல்லைகள். அலுமினாவின் அமில முனைகள் பிறந்த ஆல்கஹாலை ஈதராகவும் ஹைட்ரோகார்பனாகவும் மாற்றிவிடும். அந்த முனைகளை அடக்கவும் வினையை ஆல்கஹால் பக்கம் தள்ளவும் போடும் பொட்டாசியத்தில் பெரும்பங்கை அலுமினாவே விழுங்கிவிடும், மாலிப்டினத்துக்குப் போய்ச் சேராது. மாலிப்டினமும் ஆக்சிஜன் வழியாக அலுமினியத்தோடு இறுகப் பிணைந்துகொண்டு முழுவதும் சல்ஃபைடாக மாற மறுக்கும்.

கரி இந்த வம்பு எதற்கும் போகாது. தன்மேல் ஏற்றியதை அப்படியே விட்டுவைக்கும். அதன் அருமை அவ்வளவுதான், அதுவே போதும்.

பிப்ரவரி 10, காலை

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, “அப்படியென்றால் கார்பன் இழப்பே இல்லாமல் எத்தனால் கிடைக்கும், சரிதானே அக்கா?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவோம்.

இரண்டு மூலக்கூறு கார்பன் மோனாக்சைடு, நான்கு மூலக்கூறு ஹைட்ரஜன் சேர்ந்தால் ஓர் எத்தனாலும் ஒரு நீரும் வரும். மாலிப்டினம் சல்ஃபைடு அந்த நீரைச் சும்மா விடாது. இன்னொரு கார்பன் மோனாக்சைடோடு சேர்த்து அதைக் கார்பன் டை ஆக்சைடாகவும் ஹைட்ரஜனாகவும் மாற்றிவிடும். ஆக மொத்தம் மூன்று கார்பன் மோனாக்சைடும் மூன்று ஹைட்ரஜனும் உள்ளே போகின்றன, ஓர் எத்தனாலும் ஒரு கார்பன் டை ஆக்சைடும் வெளியே வருகின்றன. எடையில் சொன்னால் 90 கிலோ வாயு போய் 46 கிலோ எத்தனாலும் 44 கிலோ கார்பன் டை ஆக்சைடும். உள்ளே போன கார்பனில் மூன்றில் ஒரு பங்கு கைவிட்டுப் போகிறது.

இதில் நல்லதும் உண்டு. நிலக்கரி, மரம், கோக் (நிலக்கரியையோ எச்ச எண்ணெயையோ சூட்டில் சிதைத்தால் மிஞ்சும் கரிமிகுந்த திடப்பொருள்) ஆகியவற்றை வாயுவாக்கினால் ஹைட்ரஜன் குறைவாகவும் கார்பன் மோனாக்சைடு அதிகமாகவும் வரும். ஒன்றுக்கு ஒன்று விகிதமே போதும் என்கிற வினையூக்கிக்கு அது பொருத்தமான தீனி. நீர் அதிகம் இல்லாததால் கிடைக்கும் ஆல்கஹாலும் ஏறக்குறைய உலர்ந்தே வரும். சர்க்கரை ஆலை எத்தனாலைக் காய்ச்சி வடித்தால் 95.6 சதவீதத்தோடு நின்றுவிடும், மிச்ச நீரை எடுக்கத் தனிச் செலவு. அந்தச் செலவு இங்கே பெரும்பாலும் மிச்சம்.

ஆனால் எத்தனால் மட்டும் தனியாக வராது. வளரும் சங்கிலியில் கார்பன் மோனாக்சைடு ஒவ்வொன்றாக நுழைவதால் மெத்தனால், எத்தனால், புரோப்பனால், பியூட்டனால் என்று வரிசையாக, ஒன்றைவிட ஒன்று குறைந்துகொண்டே வரும். கோபால்ட்டோ நிக்கலோ சேர்த்தால் எத்தனால் பக்கம் சாயும். மெத்தனாலைத் திருப்பி உள்ளே அனுப்பினால் இன்னும் கொஞ்சம் சாயும். தெரிவுத்திறன் (விளைந்ததில் நமக்கு வேண்டிய பொருளின் பங்கு) என்று ஒரே ஓர் எண்ணைச் சொல்பவரிடம், கார்பன் டை ஆக்சைடைக் கணக்கில் சேர்த்துச் சொல்கிறாரா, தள்ளிச் சொல்கிறாரா என்று கேளுங்கள். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

பிப்ரவரி 12, இரவு

“கரியை வாங்கி மாலிப்டினக் கரைசலில் ஊறவைத்தால் ஆயிற்று” என்று பெரம்பூர் நண்பர் எழுதியிருக்கிறார். ஆகாது, ஐயா. இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் பாதி வினையூக்கிகள் இங்கேதான் கெடுகின்றன.

கொட்டாங்குச்சிக் கரியை 900 டிகிரி அளவில் நீராவி விட்டுக் கிளர்வூட்டுவார்கள், அதாவது நுண்துளைகளைத் திறப்பார்கள். ஒரு கிராமுக்கு ஆயிரம் சதுர மீட்டர் பரப்பு என்பது அதற்குச் சாதாரணம். ஆனால் அந்தப் பரப்பில் பெரும்பகுதி 2 நானோமீட்டருக்கும் குறுகலான துளைகளுக்குள் கிடக்கிறது. தங்கச் சுரங்கங்களில் கரைசலிலிருந்து தங்கத்தைப் பிடிக்க அந்தக் கரி கிடைத்தற்கரியது. நமக்கோ மாலிப்டினம் உள்ளே போக வேண்டும், உருவான ஆல்கஹால் வேறு எதுவாகவும் மாறுமுன் வெளியே வரவும் வேண்டும். கொஞ்சம் அகன்ற துளைகள் உள்ள கரிதான் ஏற்றது. பரப்பளவு எண்ணை மட்டும் பார்த்துக் கரி வாங்காதீர்கள்.

சாம்பலும் முக்கியம். கொட்டாங்குச்சிச் சாம்பலில் பொட்டாசியம் நிறைய உண்டு. நீங்கள் அளந்து போடும் பொட்டாசியத்தோடு அளக்காத பொட்டாசியமும் சேர்ந்தால் எதனால் என்ன நடந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அமிலத்தில் கழுவி, வடிநீர் நடுநிலைக்கு வரும்வரை நீரில் அலசி, 110 டிகிரியில் உலர்த்திய பிறகே எடை போட வேண்டும்.

இனி ஏற்றுவது. கரைசலில் ஊறப்போட்டு வடிகட்டினால் எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாது. நான் செய்வது இப்படி. உலர்ந்த கரிக் குருணையைக் கண்ணாடிக் கிண்ணத்தில் எடுத்து, அம்மோனியம் ஹெப்டாமாலிப்டேட் (நீரில் கரையும் மாலிப்டின உப்பு) கரைசலைத் துளித்துளியாக விட்டுக்கொண்டே கிளற வேண்டும். தொடக்கத்தில் ஒவ்வொரு துளியும் விழுந்தவுடன் மறையும், துளையிலிருந்து விரட்டப்பட்ட காற்று மெல்லிய சீறலோடு வெளியேறும். குருணைகள் தனித்தனியாகக் கிண்ணத்தில் உருளும், பார்ப்பதற்கு உலர்ந்தே இருக்கும். பிறகு ஒரு கட்டத்தில் மேற்பரப்பில் மினுமினுப்பு தட்டும். அதற்கு மேல் ஒரு துளி விட்டால் குருணைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிண்ணத்தின் சுவரில் அப்பிக்கொள்ளும். மினுமினுப்புத் தட்டும் அந்த அளவுதான் கரியின் துளைக் கொள்ளளவு. வெறும் நீரை வைத்து அதை முதலில் கண்டுபிடித்து, அதே அளவுக் கரைசலில் வேண்டிய மாலிப்டினம் முழுவதையும் கரைத்துக்கொண்டால் இட்டதெல்லாம் உள்ளேயே இருக்கும்.

பிறகு நைட்ரஜனில் சுடுவது. காற்றில் சுடக்கூடாது. மாலிப்டினமும் பொட்டாசியமும் ஏறிய கரி, வெறும் கரி தீப்பிடிக்கும் வெப்பநிலைக்கு வெகு முன்பே எரியத் தொடங்கிவிடும்.

கடைசியில் ஹைட்ரஜன் சல்ஃபைடு கலந்த ஹைட்ரஜனில் 350 முதல் 400 டிகிரி வரை சல்ஃபைடாக்க வேண்டும். வெளியேறும் குழாயின் வாயில் ஈரமான லெட் அசிட்டேட் தாளைப் பிடித்தால் முதலில் வெள்ளையாகவே இருக்கும், கந்தகம் எல்லாவற்றையும் மாலிப்டினம் எடுத்துக்கொள்கிறது. தாள் பழுப்பாகிக் கறுக்கத் தொடங்கினால் படுகை (உலையில் அடுக்கிய வினையூக்கிக் குருணை) கந்தகத்தால் நிறைந்துவிட்டது என்று பொருள்.

இதை மூக்கை நம்பிச் செய்யாதீர்கள். மணலிக் காற்றில் அழுகிய முட்டை நாற்றம் அறிந்த நமக்கு “நாற்றம் வந்தால் தெரிந்துவிடும்” என்று ஒரு தைரியம் உண்டு. 100 பி.பி.எம்-ஐத் தாண்டினால் ஹைட்ரஜன் சல்ஃபைடு மோப்பத்தையே முடக்கிவிடும். கார்பன் மோனாக்சைடுக்கு நாற்றமே கிடையாது. இரண்டுக்கும் தனித்தனி எச்சரிக்கைக் கருவி இல்லாத கூடத்தில் நான் கால் வைக்க மாட்டேன்.

பிப்ரவரி 13

ஒரு கூடுதல் குறிப்பு. கரியை நைட்ரிக் அமிலத்தில் கொதிக்கவைத்துவிட்டு ஏற்றினால் நல்லதா என்று கேட்டவருக்கு: பாதி நல்லது. பரப்பில் ஆக்சிஜன் தொகுதிகள் கூடி, கரி நீரை எளிதில் உறிஞ்சும். ஆனால் அதே தொகுதிகள் நீரில் எதிர்மின்சுமை பெறும். மாலிப்டேட்டும் எதிர்மின் அயனிதான், இரண்டும் ஒன்றையொன்று விலக்கும். கரைசலை அமிலப் பக்கம் இறக்கிக்கொண்டால் அந்த விலக்கம் குறையும். இதைக் கவனிக்காமல் செய்பவர்களின் குருணையில் மாலிப்டினம் தோலில் மட்டும் தடித்துக் கிடக்கும், உள்ளே வெறும் கரி.

பிப்ரவரி 15, மாலை

அம்பத்தூரிலிருந்து ஓர் ஆய்வு மாணவி தன் வரைபடங்களை அனுப்பியிருந்தார். நாள் ஆக ஆக ஆல்கஹால் குறைகிறது, மீத்தேனும் மற்ற ஹைட்ரோகார்பன்களும் ஏறுகின்றன. கரி சரியில்லை என்று அவருடைய வழிகாட்டி முடிவு கட்டிவிட்டாராம். கரியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுமுன் சிலிண்டரைப் பாருங்கள், அம்மா.

கார்பன் மோனாக்சைடை எஃகுச் சிலிண்டரில் அழுத்தி வைத்தால் அது இரும்போடு சேர்ந்து இரும்பு பென்டாகார்போனில் என்ற ஆவியாகும் பொருளாகிறது. அது வாயுவோடு வந்து சூடான படுகையில் சிதைந்து இரும்பாகப் படியும். இரும்பு ஹைட்ரோகார்பன் வளர்ப்பதில் கைதேர்ந்தது. மாலிப்டினத்தின் மேல் அது உட்கார்ந்த பிறகு நீங்கள் அளப்பது இரும்பின் வேலையைத்தான்.

படுகையை வெளியே எடுக்கும்போது மேலடுக்கைத் தனியாக, கீழடுக்கைத் தனியாக எடுத்து இரும்பு அளந்து பாருங்கள். மேலே அதிகம், கீழே குறைவு என்று வந்தால் விடை கிடைத்துவிட்டது. உலைக்கு முன்னால் சூடாக்கிய கிளர்வூட்டிய கரிப் படுகை ஒன்றை வைத்தால் கார்போனில் அங்கேயே சிக்கும். முடிந்தால் அலுமினியச் சிலிண்டரில் வாயு வாங்குங்கள்.

பிப்ரவரி 16

மாணவி மேலடுக்கை அளந்து பார்த்ததாக எழுதியிருக்கிறார். இரும்புதான். மிகவும் மகிழ்ச்சி. அவர் உழைப்பு வீண் போகவில்லை.

பிப்ரவரி 18, இரவு

இப்போது கொடுங்கையூர். தம்பி தொடங்கிய இடத்துக்கு வராமல் சுற்றிக்கொண்டிருக்கிறேன் என்று திட்டு விழுந்திருக்கிறது.

ஏறக்குறைய 340 ஏக்கரில் பல பத்தாண்டுகளாகக் கொட்டப்பட்ட குப்பை அது. எரிஉலை வேண்டாம் என்று மக்கள் தெருவில் நின்று போராடினார்கள். அவர்கள் பக்கம்தான் நானும். அனல்மின் நிலையச் சாம்பலையும் சுத்திகரிப்பு ஆலைப் புகையையும் சுமக்கும் பகுதிக்கு இன்னொரு புகைபோக்கியை யாரும் பரிசாகத் தர வேண்டாம். ஆகவே “எரிக்காதே, வாயுவாக்கு” என்ற உங்கள் எண்ணத்தின் நியாயம் எனக்குப் புரிகிறது.

ஆனால் நகரக் குப்பையில் பி.வி.சி. பிளாஸ்டிக் உண்டு, அதிலிருந்து குளோரின் வரும், ஹைட்ரஜன் குளோரைடாக. நம் வினையூக்கியில் உயிர்நாடி பொட்டாசியம். அது குளோரைடாக மாறிவிட்டால் ஆல்கஹால் பக்கம் தள்ளும் வலு பெரிதும் போய்விடும். மக்கிய குப்பையில் மண்ணும் ஈரமும் மிகுதி, சூடாக்குவதற்கே பாதி ஆற்றல் செலவாகும். தார் வேறு. மாலிப்டினம் சல்ஃபைடு கந்தகத்தைத் தாங்கும் என்றால் எல்லா அழுக்கையும் தாங்கும் என்று பொருளல்ல.

கனடாவின் எட்மன்டனில் எனர்கெம் நிறுவனம் நகரக் குப்பையை வாயுவாக்கி மெத்தனாலும் பிறகு எத்தனாலும் எடுத்தது. 2014-இல் திறந்த அந்த ஆலை 2024-இல் மூடப்பட்டது. அங்கே குப்பை தரம் பிரித்து, உலர்த்தி, துண்டாக்கி உள்ளே போனது. நாம் பழைய மேட்டைத் தோண்டி எடுப்பதோ மண்ணும் பிளாஸ்டிக் கந்தலும். அதை பயோமைனிங் செய்து, மண்ணையும் பிளாஸ்டிக்கையும் பிரித்து, நிலத்தை மீட்பதே முதல் வேலை. அந்த மேட்டின்மேல் ஆல்கஹால் ஆலையைக் கனவு காண்பது எனக்கு ஒப்பாது.

பிப்ரவரி 19

“அப்படியென்றால் வடசென்னையில் எங்குமே இடமில்லையா?” உண்டு. மணலி.

அங்குள்ள சுத்திகரிப்பு ஆலையில் கனமான எச்ச எண்ணெயைச் சிதைத்துப் பெட்ரோலியம் கோக் எடுக்கும் அலகு இருக்கிறது. கோக்கில் கந்தகம் அதிகம், குளோரின் குறைவு. குஜராத்தின் ஜாம்நகரில் ரிலையன்ஸ் பெட்ரோலியம் கோக்கைப் பேரளவில் வாயுவாக்குகிறது, எனவே அந்த வித்தை நாட்டுக்குப் புதிதல்ல. கந்தகம் உள்ள, ஹைட்ரஜன் குறைந்த வாயு என்றால் மாலிப்டினம் சல்ஃபைடுக்காகவே பிறந்தது போல. செம்பு வினையூக்கிக்குத் தேவைப்படும் அளவுக்குக் கந்தகத்தை உரித்தெடுக்க வேண்டியதில்லை.

மனிதர்களும் இருக்கிறார்கள். டீசலில் கந்தகம் நீக்கும் அலகுகளில் நாள்தோறும் புழங்குவது கோபால்ட் சேர்த்த மாலிப்டினம் சல்ஃபைடுதான், தாங்கி மட்டும் அலுமினா. ஆலை நிறுத்தத்தின்போது அதை மாற்றும் வேலையில் நானும் நின்றிருக்கிறேன். பழைய வினையூக்கியை நைட்ரஜன் போர்வையில்தான் இறக்குவார்கள், காற்றுப் பட்டால் தானாகச் சூடேறிக் கந்தக டை ஆக்சைடு கிளம்பும். திருவொற்றியூரிலும் எர்ணாவூரிலும் இருந்து வரும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் சுவாசக் கருவி மாட்டிக்கொண்டு உலைக்குள் இறங்கி அந்த வேலையைச் செய்கிறார்கள். மாலிப்டினத்தை அவர்களைவிட நெருங்கி அறிந்தவர்கள் குறைவு. வினையூக்கியைப் பற்றிப் பேசும்போது அவர்களை விட்டுவிட்டுப் பேசக்கூடாது.

அதே கோக்கைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடோடு சுட்டால் ஒரு கிராமுக்கு 3,000 சதுர மீட்டரை நெருங்கும் கரி கிடைக்கும். தீனியும் தாங்கியும் ஒரே குவியலிலிருந்து.

பிப்ரவரி 21

“அக்கா, இந்தக் கலப்பு ஆல்கஹாலில் எத்தனாலைப் பிரித்துவிட்டால் குடிக்கலாமா?” என்று ஒருவர் விளையாட்டாகக் கேட்டிருக்கிறார். இதில் விளையாட்டு வேண்டாம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பலருக்குக் கண்பார்வை போனது. இந்த வினையூக்கி தருவதில் மெத்தனால் எப்போதும் உண்டு, கந்தகச் சேர்மங்களின் தடமும் உண்டு. இது எரிபொருளுக்கும் கரைப்பானுக்கும் உரியது. ஆலை வந்தால் மெத்தனால் தொட்டியின் ஒவ்வொரு லிட்டருக்கும் கணக்கு இருக்க வேண்டும் என்பதைத் திட்ட அறிக்கையிலேயே எழுத வேண்டும்.

மார்ச் 1, இரவு

கரியை நான் தூக்கிவைத்துப் பேசுவதாக ஒரு குற்றச்சாட்டு. அதன் குறைகளையும் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது பெரியது. அலுமினா வினையூக்கியில் வினையின்போது கரிப்படிவு (இதையும் கோக் என்பார்கள்) சேர்ந்தால் அளவாகக் காற்று விட்டு எரித்துப் புதுப்பிக்கலாம். கரியில் அதைச் செய்தால் தாங்கியே எரிந்துவிடும். ஆயுள் முடிந்தால் முழுவதையும் எரித்து மாலிப்டினத்தைச் சாம்பலிலிருந்து மீட்கலாம், அது ஆறுதல்தான், புதுப்பிப்பதற்கு ஈடாகாது. இரண்டாவது, குருணை நொறுங்கும். உயரமான படுகையில் அடியில் உள்ளது தூளாகி, வாயு ஓட்டத்துக்குத் தடை கூடும். மூன்றாவது வெப்பம். ஒரு மோல் மெத்தனால் உருவானால் 91 கிலோஜூல் அளவு வெளிவரும், ஒரு மோல் மீத்தேன் என்றால் 206. ஓரிடத்தில் சூடு கூடினால் மீத்தேன் கூடும், மீத்தேன் கூடினால் சூடு இன்னும் கூடும்.

கரித் தாங்கி பெரிய ஆலையில் நிற்காது என்பவர்களுக்கு மட்டும் ஓர் எடுத்துக்காட்டு. கனடாவின் கிட்டிமாட்டில் 1992 முதல் அம்மோனியா ஆலை ஒன்றில் கரியில் ஏற்றிய ருத்தீனியம் என்ற உலோகம் பயன்பட்டது. ஹைட்ரஜன் கரியையே மீத்தேனாகத் தின்றுவிடும் என்பதுதான் அங்கே அச்சம். மிக உயர்ந்த வெப்பநிலையில் சுட்டு, கிராஃபைட் தன்மை ஏற்றிய கரியைக் கொண்டு அதைச் சமாளித்தார்கள். நம் வினை நடக்கும் 300 டிகிரி அளவில் மாலிப்டினத்தால் அந்த ஆபத்து குறைவு.

கரிக்குப் பதில் கார்பன் நானோகுழாய் (கார்பனால் ஆன மிக நுண்ணிய குழாய்) தாங்கியாகுமா என்று கேட்டிருந்தீர்கள். சஸ்காட்செவன் பல்கலைக்கழகத்தில் கோபால்ட், ரோடியம், மாலிப்டினம், பொட்டாசியம் நான்கையும் பலசுவர் நானோகுழாயில் ஏற்றிப் பார்த்திருக்கிறார்கள். குழாயின் துளை அகலமாக இருப்பதால் ஆல்கஹால் எளிதில் வெளியேறுகிறது. அறிவுக்கு மிக நல்ல வேலை. ரோடியத்தின் விலையைப் பார்த்தால் மணலிக்கு அது ஆகாது.

என் இப்போதைய எண்ணம் இது. முதல் அடி சிறியதாக இருக்கட்டும். பொதுத்துறை நிறுவனமான பெல் (பி.எச்.இ.எல்.) ஐதராபாத்தில் இந்திய நிலக்கரியிலிருந்து நாளொன்றுக்கு 0.25 டன் மெத்தனால் எடுக்கும் முன்னோடி அலகை அமைத்தது. அந்த அளவில் மணலி வாயுவைக் கிளை பிரித்து, கரியில் ஏற்றிய மாலிப்டினத்தை ஆயிரக்கணக்கான மணி நேரம் நிறுத்தாமல் ஓட்டிக் காட்ட வேண்டும். புதுப்பிக்க முடியாத வினையூக்கிக்கு ஆயுளே விலை. அந்த எண் இல்லாமல் யாரும் பணம் போட மாட்டார்கள், போடவும் கூடாது.

மார்ச் 8

கொருக்குப்பேட்டைத் தம்பி தன் கல்லூரியில் சிறிய உலை ஒன்று கிடைத்திருப்பதாகவும் எதில் தொடங்கலாம் என்றும் கேட்டிருக்கிறார்.

முதல் ஓட்டம் வெறும் கரியோடு. மாலிப்டினம் வேண்டாம், பொட்டாசியம் வேண்டாம். கழுவிய கரியை மட்டும் வைத்து, அதே வெப்பநிலை, அதே அழுத்தம், அதே வாயு. எதுவும் விளையக்கூடாது. ஏதாவது விளைந்தால் சாம்பலோ, சிலிண்டரின் இரும்போ, உலைச் சுவரோ வேலை செய்கிறது, அதைச் சரிசெய்யாமல் மேலே போகாதீர்கள். இரண்டாவது ஓட்டம் கரியும் மாலிப்டினமும், பொட்டாசியம் இல்லாமல். சல்ஃபைடாக்கிய பின் பெரும்பாலும் ஹைட்ரோகார்பன் வரும். மூன்றாவதில் பொட்டாசியத்தைச் சேர்த்தால் ஆல்கஹால் உச்சிகள் வரைபடத்தில் எழும்பும். மூன்று வரைபடங்களையும் ஒரே அளவுகோலில் வரைந்து இங்கே போடுங்கள், வாயு கசியும் எச்சரிக்கைக் கருவி எப்போது அளவுதிருத்தம் செய்யப்பட்டது என்ற தேதியோடு. கோபால்ட் பற்றி அதன் பிறகு பேசுவோம்.